முப்பத்திரண்டு அடிக்கு ஒரே மூச்சு

எங்கள் சிம்பொனிக் குழுவில் ஐம்பத்தாறு பேர் வாசிக்கிறோம். ஒருவர் முன்னால் நின்று கோலை ஆட்டுகிறார். சுவரொட்டியில் அவர் முகம்தான் வரும். ஆனால் குழுவை நடத்துவது பென்சில் அக்கா. இதைப் பல பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் நம்புவதில்லை. நான் வயோலா வாசிப்பவன், என் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு. வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் அழுமூஞ்சியாக இருக்குமே, அதுதான் வயோலா. நாங்கள் வாசித்தாலும் யாருக்கும் தெரியாது, நிறுத்தினாலும் தெரியாது. இந்த இரண்டாவது விஷயம் கதையில் பின்னால் பயன்படும்.

அக்காவின் வேலை நோட்ஸ், அதாவது நாங்கள் பார்த்து வாசிக்கும் இசைக்குறிப்புத் தாள்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் அச்சிட்ட நோட்ஸ் வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றிலிருந்து இரவலாகப் பெட்டியில் வரும். அதைப் பிரித்து, யார் ஸ்டாண்டில் எது என்று வைத்து, கச்சேரி முடிந்ததும் திரட்டி, வாசித்தவர்கள் கிறுக்கியதையெல்லாம் அழித்துச் சுத்தமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். மேடைக்கு அடியில், பியானோ ஏற்றும் லிஃப்டுக்குப் பக்கத்தில் அவருடைய அறை. நீள மேஜை, மூன்று இழுப்பறை, வெளிச்சம் போதாத ஒரு ஜன்னல். மேஜைமேல் எப்போதும் நான்கு ரப்பர் இருக்கும், துகளைத் தள்ள ஒரு சின்னத் தூரிகை இருக்கும், சீவிய 2பி பென்சில்கள் ஒரு டம்ளரில் நிற்கும். வேறு பென்சிலால் யாராவது எழுதினால் அக்காவுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். "காகிதத்தை உழறதுக்கா கொடுத்தேன்?" என்பார்.

கோலைப் பார்த்து வாசிப்பதாகத்தான் நாங்கள் எல்லாரும் வெளியில் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் எங்கள் கண் நோட்ஸைவிட்டு நகராது. எதிரில் பென்சிலில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். முன்னோக்கி ஓர் அம்புக்குறி இருந்தால் ஓடுவோம். ஒரு மூக்குக் கண்ணாடிப் படம் இருந்தால் 'இங்கே தலையைத் தூக்கிக் கோலைப் பார்' என்று அர்த்தம், அந்த இடத்தில் மட்டும் தூக்குவோம். கண்ணாடி இல்லையென்றால் முன்னால் நிற்பவர் மயங்கி விழுந்தால்கூட எங்களுக்கு இரண்டு பக்கம் தள்ளித்தான் தெரியவரும்.

முப்பது வருடமாக அழித்து அழித்து அக்கா எங்கள் ஒவ்வொருவரின் வண்டவாளத்தையும் தெரிந்து வைத்திருக்கிறார். முதல் வயலின்காரர், பெரிய மீசையும் ஒரு வெள்ளிச் சங்கிலிக் கடிகாரமும் வைத்திருக்கிற மனிதர், எந்த விரலை வைப்பது என்று சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சுரத்துக்கும் எண் போட்டுக்கொள்வாராம். ட்ரம்பெட்காரர் ஓய்வு வரும் இடத்தில் கால்பந்து ஸ்கோர் எழுதுவாராம். இதை வெளியே சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நானும் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அவர் கல்யாணமே இந்தக் கிறுக்கலில் ஆனதுதான். அப்போது புதிதாக ஹார்ன் வாசிக்க வந்தவர் ஒருவர். பித்தளைக் குழாயைச் சுருட்டி அகன்ற வாயோடு மடியில் வைத்துக்கொள்ளும் அந்த ஹார்னுக்கு, ஒரு சிம்பொனியில் வாசிப்பதைவிடச் சும்மா உட்கார்வது அதிகம். தொண்ணூறு தாளக் கட்டம் ஓய்வு வந்த ஒரு இடத்தில் அவர் பென்சிலால் எழுதினார்: 'நோட்ஸ் கொடுக்கிறவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?' அக்கா அழித்தார். அடுத்த கச்சேரியில் அதே கேள்வி. அழித்தார். மூன்றாவது முறை அழிக்காமல் கீழே எழுதினார்: 'அழித்து அழித்துக் கை வலிக்கிறது. நேரில் வந்து கேளுங்கள்.' வந்து கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அத்தான் தன் நோட்ஸில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. "நான் கிறுக்கினா அவதானே உட்கார்ந்து அழிக்கணும்" என்று காரணம் சொல்வார். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டிலிருந்து எனக்கு வாரத்துக்கு ஒருமுறை சொல்லப்படுகிறது.

சென்ற மழைக்காலத்தில் அத்தானுக்கு நிமோனியா வந்தது. பிழைத்து எழுந்தார், திரும்ப வந்து முதல் ஹார்ன் நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் பழையபடி வெண்ணெய் மாதிரி வந்தது, மூச்சு மட்டும் பழையபடி வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் புதுக் கோல்காரர் வந்தார். வந்ததும் அவர் எடுத்துக்கொண்டது நாங்கள் 'ஓட்டம்' என்று பேர் வைத்திருக்கும் சிம்பொனி. அதன் கடைசிப் பகுதியால் வந்த பேர் அது.

அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அக்கா செய்த காரியத்தின் அருமை விளங்காது. அது டி மேஜர் என்ற சுரவரிசையில் இருக்கிறது. டி மேஜர் என்றால் வயலின்களுக்குக் கொண்டாட்டம். விரல் வைக்காமல் வில்லை இழுத்தாலே திறந்த தந்திகள் டி என்றும் ஏ என்றும் தானாகச் சிரிக்கும். கட்டத்துக்கு இரண்டு அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று துள்ளல். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டம் அது, ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. தலைப்பில் அதை எழுதியவரே அச்சிட்டிருக்கிறார்: 'மிக விரைவாக, உற்சாகத்தோடு, நிமிடத்துக்கு 152 அடி.' நடுவில் ஓர் இடத்தில் எல்லா வாத்தியமும் காலுக்கடியில் சலசலத்துக் கொண்டிருக்க, முதல் ஹார்ன் மட்டும் ஒரே ஒரு சுரத்தை, ஏ என்ற சுரத்தை, பதினாறு கட்டம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பூனை நடை மாதிரி ஆரம்பித்து, வளர்ந்து வளர்ந்து, கடைசியில் அந்த ஏ உடைந்து டியில் விழும்போது கூரை பறக்கும். நடுவில் மூச்சு வாங்கினால் எல்லாம் போச்சு.

புதுக் கோல்காரருக்குத் தலைமுடி தோள் வரை, தத்துவம் அதற்கும் கீழே. முதல் ஒத்திகையிலேயே எங்களை நிறுத்தினார்.

"இவ்வளவு அவசரம் எதுக்கு? சந்தோஷத்துக்கும் ஒரு ஆழம் உண்டு. நூத்திப் பன்னிரண்டுல எடுப்போம்."

"நோட்ஸ்ல நூத்தி அம்பத்திரண்டுன்னு போட்டிருக்கே சார்" என்றார் செல்லோக்காரர் ஒருவர்.

"அது அந்தக் காலத்து வேகம்" என்றார் கோல்காரர். அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு எத்தனை நொடி என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

112இல் எடுத்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரங்கல் ஊர்வலத்தில் போவது மாதிரி இருந்தது. ஹார்ன் சுரம் பதிமூன்றாவது கட்டத்தில் விரிசல் விட்டு நின்றது. அத்தான் ஹார்னை மடியில் வைத்து, உள்ளே சேர்ந்த எச்சில் நீரை வடிப்பது போலக் குனிந்துகொண்டார். புதன்கிழமையும் அதே பதிமூன்றாவது கட்டம்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைத் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அத்தான் ஹார்னோடு உட்கார்ந்திருந்தார். கையில் வாட்ச் கட்டியவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்கு அழைப்பு. மூன்று தடவை ஊதினார். பதினான்கு நொடி, பதினான்கு நொடி, பதிமூன்றரை. மூன்றாவது முறை அவர் கழுத்து நரம்பைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது, வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். பதினாறு கட்டம், முப்பத்திரண்டு அடி. 112 என்றால் பதினேழு நொடி. எழுதியவர் சொன்ன 152 என்றால் பன்னிரண்டரை. பதினான்கு நொடிக்குள் முடிய வேண்டுமானால் 138க்குக் குறையக்கூடாது.

"பாதியில ரெண்டாவது ஹார்ன் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கட்டுமே அத்தான், யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல" என்றார் அத்தான். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

வியாழக்கிழமை அக்கா கோல்காரரிடம் போய் 138 கேட்டார். அவர் ஆழத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, போகும்போது ஒரு வேலையும் கொடுத்தனுப்பினார். கடைசிப் பகுதி முழுக்க எல்லார் நோட்ஸிலும் மூக்குக் கண்ணாடி வரைய வேண்டும், எல்லாரும் அவரையே பார்க்க வேண்டும். டிம்பனி நோட்ஸில் ஏழு இடத்தில் 'மெதுவாக' என்று எழுத வேண்டும். டிம்பனி என்பது செப்பு அண்டா மாதிரி இருக்கும் பெரிய மேளம். அதை வாசிப்பவளுக்கு எங்கள் குழுவில் 'அவசரம்' என்று பேர். காபி ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்பவள், லிஃப்ட் வருவதற்குள் படியில் ஏறிவிடுபவள். அவளைக் கட்டிப்போடத்தான் அந்த ஏழு மெதுவாக. அக்கா சொன்னபடியே எல்லாம் எழுதினார், வரைந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கடைசி ஒத்திகை. சாயங்காலம் கச்சேரி. கண்ணாடி ஒன்றுக்கு இரண்டாக எங்களை முறைக்க, நாங்கள் தலையைத் தூக்கித் தூக்கிக் கோலைப் பார்த்து வாசித்தோம். பதிமூன்றாவது கட்டத்தில் சுரம் மறுபடி உடைந்தது.

கோல்காரர் கோலைக் கீழே வைத்தார். ஐம்பத்தைந்து பேர் முன்னிலையில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னைக்கு சாயங்காலமும் இது இப்படித்தான்னா, அடுத்த சீசன்ல முதல் ஹார்ன்ல வேற ஆளை உட்கார வைக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்வதற்கு அதில் சரியான பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆளை அப்போதே என் வில்லால் குத்தலாம் போலிருந்தது. அத்தான் தலையாட்டினார். பிறகு முன்னால் இருந்த என் தோளைத் தட்டினார்.

"பென்சில் இருக்கா?"

கொடுத்தேன். பாவம், மூச்சுக்குறி போட்டுக்கொள்ளப் போகிறார், கடைசியில் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரை நிமிடத்தில் பென்சில் திரும்பி வந்தது.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். வில்லுக்குப் பூசும் பிசினை மறந்துவிட்டதால் நான் மேடைக்குத் திரும்பினேன். காலியான மேடையில் பென்சில் அக்கா முதல் வயலின் ஸ்டாண்டு முன்னால் குனிந்து நின்று, கோலம் அழிப்பது மாதிரி ஒரே சீராகக் கண்ணாடிகளை அழித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"அழிக்கிறேன். அதுதானே என் வேலை?"

"கச்சேரி முடிஞ்சப்புறம்தானே அழிப்பீங்க?"

"இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிச்சிட்டேன். நீ என்ன வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே? இந்தா ரப்பர். உங்க வயோலா, அப்புறம் டபுள் பேஸ். துகளைத் தரையில தள்ளாதே."

நான் கோழை. ஆனால் அக்காவுக்கு மாட்டேன் என்று சொல்ல அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும். முப்பது ஸ்டாண்டையும் முக்கால் மணி நேரத்தில் முடித்தோம். டிம்பனி ஸ்டாண்டை அக்கா என்னிடம் விடவில்லை. ஏழு 'மெதுவாக'வையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே அழித்தார், ஏழாவதைக் கொஞ்சம் ரசித்து அழித்தார் என்றே சொல்வேன். ஹார்ன் பக்கம் மட்டும் போகவில்லை.

"அத்தான் நோட்ஸ்?"

"அவர் பிடிக்கப்போறது ஒத்தை சுரம். அவர் கோலைப் பார்த்தா என்ன, சுவத்தைப் பார்த்தா என்ன? ஓட்டறது மத்தவங்கதானே."

கீழே குனிந்து தூரிகையால் துகளைக் கூட்டி அள்ளிக்கொண்ட அக்கா, கதவுப் பக்கம் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். விளையாட்டாகச் செய்கிற மாதிரி செய்தாலும் அவருக்கும் பயம்தான்.

கச்சேரி. முதல் மூன்று பகுதியும் ஒழுங்காகப் போயின. கோல்காரர் கடைசிப் பகுதியை ஆழமாக ஆரம்பித்தார். முதல் எட்டுக் கட்டம் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான், சொன்ன பேச்சைக் கேட்டோம். ஒன்பதாவது கட்டத்தில் டிம்பனி. அவசரம் தன் நோட்ஸைப் பார்த்திருக்கிறாள். காலையில் இருந்த மெதுவாக இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள், அங்கேயும் இல்லை. விடுதலை ஆனவள் போல இரண்டு கையாலும் அடித்தாள்.

இருபதாவது கட்டத்தில் செல்லோக்கள் அவள் பின்னால் ஓடத் தொடங்கின. டபுள் பேஸ்கள் மூச்சிரைத்துக்கொண்டு சேர்ந்தன. முதல் வயலின்காரர் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, ஆகவே தலையைத் தூக்கவில்லை. திறந்த தந்திகள் சிரிக்க ஆரம்பித்தன. யாருமே கோலைப் பார்க்காத அந்த நேரத்தில் நான் மட்டும் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைக் கைகாட்டிக் கூப்பிடுபவர் போல அவர் இரண்டு கையையும் அகலமாக வீசிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் போனது, இரண்டு பக்கம் போனது. பிறகு கெட்டிக்காரர்கள் செய்வதைச் செய்தார். ஓடிவந்து ஏறிக்கொண்டு, தானே ஓட்டுவது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

ஹார்ன் இடம் வந்தது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு, வாட்சைப் பார்த்துக் கட்டங்களை எண்ணினேன். வயோலா நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஏ எங்கிருந்தோ கதவிடுக்கு வழியே வருவது போல் வந்தது. எட்டு, ஒன்பது, பத்து. மேடை ஓரத் திரைக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தார், கையில் ரப்பர். பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றாவது கட்டத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுரம் நிற்கவில்லை, பெருகியது. பதினான்கு, பதினைந்து, பதினாறு. அது டியில் போய் விழுந்தபோது என் நாற்காலிக் கால் அதிர்ந்தது. அத்தான் அதற்குப் பிறகும் அரை அடி தாராளமாகப் பிடித்து வைத்திருந்தார் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

சபை எழுந்து நின்று கைதட்டியது. கோல்காரர் வியர்வை வழிய, அத்தானைக் கைகாட்டித் தனியாக எழுப்பினார். ஐம்பத்தைந்து பேரும் காலால் தரையைத் தட்டினோம், எங்கள் ஊர்ப் பாராட்டு அது.

மறுநாள் காலை பெட்டி கட்ட உதவுவதற்காக நான் அக்கா அறையில் இருந்தேன். கோல்காரர் செய்தித்தாளோடு உள்ளே வந்தார். நான் இழுப்பறையில் முகத்தை விட்டுக்கொண்டேன். அவர் மேஜைமேல் இருந்த டிம்பனி நோட்ஸை எடுத்துப் புரட்டினார், வயலின் நோட்ஸைப் புரட்டினார்.

"கண்ணாடி எங்கே?"

"அழிச்சிட்டேன் சார். கச்சேரி முடிஞ்சதுல்ல."

"எப்போ அழிச்சீங்க?"

அக்கா பொய் சொல்ல மாட்டார், அதுதான் அவரிடம் உள்ள தொல்லை. "நேத்து மத்தியானம்" என்றார். "நான் ஒரு எழுத்துகூட அதிகமா எழுதலை சார். நீங்க எழுதச் சொன்னதை எழுதினேன், அப்புறம் அழிச்சேன். ரெண்டும் என் வேலைதான். என்னை அனுப்பணும்னா அனுப்பிடுங்க, அவரை அந்த நாற்காலியில விட்டுடுங்க."

கோல்காரர் செய்தித்தாளை விரித்து எங்களுக்குக் காட்டினார். 'துணிச்சலான வேகம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே அவர் படம்.

"என்ன வேகத்துல போச்சு?" என்று கேட்டார்.

"நூத்தி நாப்பத்தி நாலு" என்றேன் இழுப்பறைக்குள்ளிருந்து.

டம்ளரிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். தான் கொண்டுவந்திருந்த தன் சொந்த இசைப் புத்தகத்தில் கடைசிப் பகுதியைத் திறந்து, 112ஐ அடித்துவிட்டு 144 என்று எழுதினார். "நாற்காலி அவரோடதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அதற்கும் முணுமுணுத்தார்.

பெட்டியில் கடைசியாக வைக்க வேண்டியது ஹார்ன் நோட்ஸ். அதில் மட்டும் கண்ணாடிப் படங்கள் மிச்சம் இருந்ததால் அக்கா ரப்பரோடு பக்கத்தைத் திருப்பினார், அந்தப் பதினாறு கட்டம் வந்ததும் நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். நீளக் கோடாக இழுத்திருந்த அந்த ஏ சுரத்தின் கீழே, முப்பது வருடத்துக்கு அப்புறம், அத்தான் கையெழுத்து. முனை உடைந்த என் பென்சிலின் மொண்ணைக் கோடு. வெள்ளிக்கிழமை காலை எழுதியது, அக்கா ரப்பரைக் கையில் எடுப்பதற்கு முன்னால்.

'மூச்சு போதும். அவள் ஏதாவது செய்வாள்.'

அக்கா விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நம்பிக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்கார் பாரு, திருட்டு மனுஷன்" என்றார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடிகளை மட்டும் அழித்துத் துகளைத் தள்ளிவிட்டு, நோட்ஸை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"அக்கா, அதை அழிக்கலையே?"

"ரப்பர் தேஞ்சு போச்சு."

மேஜைமேல் நான்கு ரப்பரும் இருந்தன. நான் பெட்டியை ஒட்டுவதற்கு டேப்பை எடுத்துக் கொடுத்தேன்.